துண்டில் எண்ணெய் படவில்லை

இட ஒதுக்கீடு கேட்டு ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டார்களே, அந்த வருஷம். எந்த வருஷம் என்று எண் கேட்டால் எனக்குத் தெரியாது. நான் பள்ளிக்கூடம் போனதில்லை. நான் சொல்கிறேன், எழுதத் தெரிந்தவர் எழுதிக்கொள்கிறார். சங்கராபுரத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு ஒரு வாரம் பஸ் ஓடவில்லை. என் மச்சான் கல்யாணத்துக்கு வாங்கிய வாழைத்தார்கள் பாதி வழியில் வண்டியிலேயே பழுத்து அழுகி, வண்டிக்காரன் அவற்றை மாட்டுக்குப் போட்டுவிட்டான். வாழைப்பழம் இல்லாமல் தாம்பூலம் கொடுத்த குடும்பம் என்று பெண் வீட்டார் இன்றைக்கும் குத்திக் காட்டுவார்கள். அந்தக் கல்யாணம் முடிந்த நான்காம் நாள்தான் ஏரோப்ளேன் கரும்புக்குள் விழுந்தது.

எங்கள் பக்கத்துக்கு ஏரோப்ளேன் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். வெல்லம் காய்ச்சுகிற ஆலை வைத்திருந்த முதலாளி ஒருவர் இருந்தார். சின்ன வயதில் கப்பலில் வேலை பார்த்து வெளிநாடெல்லாம் சுற்றியவர். திரும்பி வந்து ஆறேழு வருஷம் கழித்து ஒரு மரப்பெட்டியை வரவழைத்தார். பெட்டிக்குள் அலுமினியக் குழாய்கள், இறக்கைக்கு மூடுகிற துணி, ஒரு டூ ஸ்ட்ரோக் எஞ்சின், படம் போட்ட புத்தகம். வெல்லக் கொட்டகையிலேயே வைத்து அவரும் நானும் பூட்டினோம். நான் கிணற்று ஆயில் எஞ்சின் மெக்கானிக். என்னை எல்லோரும் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். பூட்டி முடித்தபோது, கயிற்றுக் கட்டிலுக்கு இறக்கை வைத்த மாதிரி இருந்தது. ஒரு ஆள்தான் உட்காரலாம். அவன் முதுகுக்குப் பின்னால் எஞ்சின், அதற்கும் பின்னால் காத்தாடி, கடைசியில் வால்.

எஞ்சினைப் பூட்டுவது பெரிய வேலை இல்லை. காத்தாடியைச் சரிப்படுத்துவதுதான் வேலை. அதற்கு இரண்டு பிளேடு. நடுவில் இருக்கிற போல்ட்டைத் தளர்த்தினால் பிளேடைத் திருப்பி வைக்கலாம். கொத்தனார் வைத்திருப்பாரே ரசமட்டம், அதை வைத்து இரண்டு பிளேடும் ஒரே சாய்வில் இருக்கிறதா என்று பார்ப்போம். சாய்வு கூடினால் காத்தாடி காற்றை நிறையக் கவ்வும், எஞ்சின் திணறும், அதன் மேல்மூடி, தலை என்போம், அது கொதிக்கும். சாய்வு குறைந்தால் கொஞ்சமாகத்தான் கவ்வும், எஞ்சின் லேசாகி வேகமாகச் சுற்றும். நடுவில் ஒரு இடம் இருக்கிறது. அந்த இடத்தைத் தேடித்தான் மூன்று மாதம் போயிற்று.

தேடுகிற விதம் இது. ரோட்டை ஒட்டி ஒன்றும் விளையாத உவர் நிலம் ஒன்று இருந்தது, அதைத் தாண்டினால் ஏரியும் கரும்புக் கொல்லையும். ஏரோப்ளேனை அங்கே தள்ளிக்கொண்டு போய், வாலை ரோட்டோரப் புளியமரத்தோடு கயிற்றால் கட்டுவோம். கயிற்றுக்கு நடுவில் வெல்லம் நிறுக்கிற கொக்கித் தராசு. எஞ்சினை முடுக்கினால் ஏரோப்ளேன் மரத்தை இழுக்கும். எவ்வளவு இழுக்கிறது என்று தராசின் முள் சொல்லும். வால் ஆடாமல் இருக்க ஒரு ஆள் பின்னால் நின்று பிடிக்க வேண்டும். எஞ்சின் புகையும் காற்றும் அவன் மூஞ்சியில்தான் அடிக்கும், பெட்ரோலில் கலந்து ஊற்றுகிற எண்ணெயும் எரியாமல் கொஞ்சம் தெறிக்கும்.

வால் பிடித்தவன் மலைக்காரன். வெள்ளிமலைக்கும் மேலே ஏதோ ஊர். கரும்பு வெட்ட இறங்கி வந்தவன். எலும்பும் தோலுமாக இருப்பான். ஒரு மூட்டை நெல்லைத் தூக்குகிற எனக்கு அவனைத் தூக்குவது ஒன்றுமே இல்லை. முதலாளிக்குத் தொந்தி. அவர் உட்கார்ந்தால் ஏரோப்ளேன் தரையை விட்டு எழும்பாது. ஆகவே தத்திப் பார்க்கிற வேலைக்கு அவனைத்தான் உட்கார வைப்பார். இரண்டு ஆள் உயரம் எழும்பும், கொஞ்ச தூரம் போகும், இறங்கும். அவன் பயப்படாமல் செய்வான். "நானும் ஒரு தபா குந்திப் பாக்கட்டுமா மொதலாளி?" என்று நான் கேட்டேன். "உன்னிய தூக்கணும்னா ரெண்டு எஞ்சினு வேணும்யா" என்றார். அன்றையிலிருந்து அவனை எனக்குப் பிடிக்கவில்லை. காரணம் அவ்வளவுதான். வயதாகிவிட்டது, இனி மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

சூடு பார்க்க இரண்டு முள் இருந்தது. ஒன்று எஞ்சின் தலையின் சூடு, இன்னொன்று புகைக் குழாய்க்குள் போகிற புகையின் சூடு. புகை முள்ளின் ஒயர் ஆட்டத்தில் அறுந்துவிட்டது. மெட்ராசிலிருந்து புது ஒயர் வர வேண்டும். அதற்குள் ரோட்டில் மரம் விழ ஆரம்பித்துவிட்டது.

"ஒண்ணு போனா இன்னா, தலை முள்ளு கீதே" என்றார் முதலாளி.

நானும் ஆமாம் போட்டேன். ஆயில் எஞ்சினில் எங்கள் பழக்கம் அதுதான். எஞ்சினைச் சுற்றி வெளியே வருகிற தண்ணீரில் கையை வைப்போம். கை பொறுத்தால் எஞ்சின் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். முப்பது கிணற்றில் அப்படித்தான் பார்த்திருக்கிறேன், ஒன்றும் தப்பவில்லை. ஏரோப்ளேன் எஞ்சின் தலை ரொம்பச் சுடுகிறது என்று முதலாளி குறைப்பட்டுக்கொண்டே இருந்தார். நான் பிளேடின் சாய்வைக் குறைத்தேன். முள் கீழே இறங்கியது. இன்னும் குறைத்தேன். இன்னும் இறங்கியது. விரலில் எச்சில் தொட்டு எஞ்சின் தலையில் வைத்தேன், சுரீர் என்றுகூடச் சொல்லவில்லை. "மேஸ்திரி கையே கை" என்று ஆலைக்காரர்கள் எல்லோர் எதிரிலும் சொன்னார் முதலாளி. எனக்கு அன்றைக்குச் சோறே வேண்டியிருக்கவில்லை.

மூன்றாம் நாள் மலைக்காரன் தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நின்றான்.

"மொதலாளி, துண்டுல எண்ணெ படலீங்க."

"இன்னாடா சொல்ற?"

"முன்னெல்லாம் வாலப் புட்ச்சிட்டு வந்தா, துண்டுல கருப்பா புள்ளி புள்ளியா இருக்குங்க. மூணு நாளா வெள்ளையாவே கீது. கொழா வாயும் சாம்ப பூத்தாப்புல வெளுத்துப் போச்சு. சத்தமும் கீச்சுனு வருதுங்க."

முதலாளி என்னைப் பார்த்துச் சிரித்தார். "கேட்டியா மேஸ்திரி, உனக்கு வாத்தியாரு வந்துட்டான். மலையேற பஸ்ஸு கெடையாது, ஏரோப்ளேனுக்கு வைத்தியம் சொல்றான்."

நான் சொன்னேன்: "தொவைக்கிற வேல கம்மியாச்சுனு சந்தோஷப்படுவியா, அத வுட்டுட்டு."

ஆலையில் எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான். சிரிக்காமல் என்ன செய்வான்?

அன்று சாயந்திரம் கொட்டகையில் ஆள் இல்லாத நேரத்தில் எஞ்சினின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். மொபெட் ரிப்பேர் செய்கிற எவனுக்கும் தெரியும், நுனி சாக்லேட் நிறத்தில் இருக்க வேண்டும். இது சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளையாக இருந்தது. தலை குளிர்ந்து, உள்ளே வேகிறது, எண்ணெய் மிச்சமில்லாமல் எரிகிறது என்று அர்த்தம். சாய்வைக் குறைத்துக் குறைத்து எஞ்சினை வெறும் ஓட்டம் ஓட விட்டிருக்கிறேன், புகை முள் இருந்திருந்தால் அது கத்தியிருக்கும். துண்டைப் பார்த்தே அவன் கண்டுபிடித்துவிட்டான். பிளேடைப் பழையபடி திருப்பி வைக்க அரை மணி நேரம் போதும். ஆனால் ஏன் திருப்பினாய் என்று முதலாளி கேட்பாரே? மலைக்காரன் சொன்னது சரி என்று நான் சொல்ல வேண்டுமே? பிளக்கை வேட்டியில் துடைத்து, இருந்த இடத்திலேயே முடுக்கிவிட்டு வீட்டுக்குப் போனேன். நன்றாகத் தூங்கினேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலையில் நாங்கள் கயிறு கட்டுகிற புளியமரமே ரோட்டின் குறுக்கே படுத்துக் கிடந்தது. முதலாளி வீட்டுக்கு வந்த மணலூர்பேட்டைச் சம்பந்திகள் ஊர் திரும்ப முடியாமல் நான்கு நாளாக மாட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் முதலாளிக்கு வாய் நீளும்.

"ரோட்ட மூடினா இன்னா? நான் மேலால போய்க்கினே இருப்பேன், பாக்கறீங்களா?"

அவரே ஏறி உட்கார்ந்தார். ஏரோப்ளேன் உவர் நிலத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஓடியது. ஒரு சாண்கூட எழும்பவில்லை. சம்பந்தி ஒருவர், "மச்சான், இதுக்கு எங்க வூட்டு டிராக்டர் தேவல, அது இவ்ளோ சத்தம் போடாது" என்றார். பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். முதலாளி இறங்கும்போது அவர் மூஞ்சியைப் பார்க்க முடியவில்லை.

"டேய் மலையான், நீ ஏறு. ஏரிய ஒரு சுத்து சுத்திக்கினு வா."

அதுவரைக்கும் அவன் தத்தியிருக்கிறானே தவிர, திரும்பியதோ சுற்றியதோ கிடையாது.

"வேணாங்க மொதலாளி. மரத்துல கட்டி ஒரு தபா பாத்துட்டு..."

"மரம் எங்கடா கீது? பயமாடா? பயமா இருந்தா புடவ கட்டிக்கினு வா."

சம்பந்திகள் இதற்கும் சிரித்தார்கள். அவன் முதலாளியை விட்டு என் பக்கம் திரும்பினான். எனக்கு அந்த முகம் நினைவிருக்கிறது. கோபம் இல்லை. கெஞ்சலும் இல்லை. மருந்துக் கடைக்காரரிடம் மாத்திரையைக் காட்டிக் கேட்கிற மாதிரி கேட்டான்.

"மேஸ்திரி, நீங்க சொல்லுங்க. போலாங்களா?"

நான் வேண்டாம் என்று சொன்னால் போதும். சொல்லவில்லை. விரலில் எச்சில் தொட்டேன். எல்லோரும் பார்க்க எஞ்சின் தலையில் வைத்தேன்.

"சில்லுனு கீது. போ."

போனான். நான் சொன்னதை நம்பித்தான் போனான். லேசான ஆள், உடனே எழும்பிவிட்டது. பனைமர உயரம் போய் ஏரிக்கரை மேலே மெதுவாகத் திரும்பினான். அழகாகத்தான் திரும்பினான், எவரும் சொல்லிக் கொடுத்ததில்லை. சம்பந்திகள் கைதட்டினார்கள். அப்போது சத்தம் மெலிந்துகொண்டே போயிற்று, கொசு காதுக்குள் போகிற மாதிரி. பிறகு சத்தமே இல்லை. எஞ்சின் உள்ளே எரிந்துவிட்டது, தரையில் எரிந்திருந்தால் நிறுத்தியிருக்கலாம். மேலே போனால் காத்தாடிக்குப் பாரம் இன்னும் குறையும், எஞ்சின் இன்னும் பறக்கும், இன்னும் வேகும். மூக்கைக் குத்திக்கொண்டு கரும்புக்குள் போய்விட்டது.

ஓடினோம். முதலாளி எனக்கு முன்னால் ஓடிப் போய்ச் சேர்ந்தார். குழாய்க்கு அடியில் அவன் கிடந்தான், இடது கால் இருக்க வேண்டிய பக்கம் இல்லாமல் வேறு பக்கம் திரும்பியிருந்தது. முதலாளி கேட்ட முதல் வார்த்தை:

"மேஸ்திரி, காத்தாடி ஒடஞ்சிச்சா பாரு."

நான் காத்தாடியைத்தான் முதலில் பார்த்தேன்.

கயிற்றுக் கட்டிலில் போட்டுக் கள்ளக்குறிச்சிக்குத் தூக்கிக்கொண்டு போனோம், ஆலையாட்கள் மூன்று பேரும் நானும். முதலாளி வரவில்லை. இறக்கைத் துணியை மாடு தின்றுவிடும் என்று நின்றுவிட்டார். வழியெல்லாம் மரம். ஒவ்வொரு மரத்துக்கும் கட்டிலைத் தலைக்கு மேலே தூக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் அவன் கத்துவான். மரம் வெட்டியவர்கள் கோடாலியைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். "யாருப்பா? இன்னா ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே தோள் கொடுத்தார்கள். முன்பின் தெரியாத ஒருவர் இரண்டு கிராமம் தாண்டி எங்களோடு வந்து, அவன் வாயில் தண்ணீர் விட்டுக்கொண்டே நடந்தார். நான் அவன் முகம் தெரியாத பக்கமாக, கால்மாட்டில் பிடித்துக்கொண்டேன். பொழுது சாய்கிறபோது ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அவன் அண்ணன் மலையிலிருந்து காட்டு வழியாக நடந்தே வந்தான். அதற்குள் முதலாளி ஊரெல்லாம் சொல்லிவிட்டார். குடித்துவிட்டு ஏறினான், பிடியைக் கண்டபடி இழுத்தான், இத்தனை மாத உழைப்பைக் கெடுத்தான் என்று. அவன் குடிக்கிறவனே இல்லை. அண்ணன் நேராக என்னிடம் வந்தான்.

"ஐயா, நீங்கதான் எஞ்சினு பாக்கறவருன்னாங்க. எஞ்சினு நல்லாத்தான் இருந்துச்சுங்களா?"

"எஞ்சினு நல்லாத்தான் இருந்துச்சு. நானே கைய வெச்சுப் பாத்தேன், தலை சில்லுனு இருந்துச்சு."

"அப்ப எந்தம்பி மேலதான் தப்புங்களா?"

நான் ஒரு ஸ்பேனரைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். அண்ணன் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவன் மலையேறிச் சொன்னது அங்கே நின்றுவிட்டது. கிடைத்த ஏரோப்ளேனைக் குடித்துவிட்டு உடைத்தவன் என்று தம்பிக்கு அங்கே ஒரு கேலிப் பெயரே இருக்கிறதாம். கட்டையை ஊன்றிக்கொண்டு சந்தைக்கு வந்தால் பிள்ளைகள் வாயால் உறுமிக்கொண்டு பின்னால் ஓடுமாம். மலைக்கு ஜீப் ஓட்டுகிறவர்கள் சொல்லிச் சிரித்தார்கள், நானும் கேட்டுச் சிரித்திருக்கிறேன்.

எஞ்சினை நான்தான் பிரித்தேன். பிஸ்டனின் நடுவில் புளியங்கொட்டை அளவுக்கு ஓட்டை. விளிம்பு மெழுகு மாதிரி உருகி வழிந்திருந்தது. முதலாளியிடம் காட்டவில்லை. எஞ்சின் இறுகிப்போச்சு, இனி ஆகாது என்று மட்டும் சொன்னேன். அவருக்கும் ஆசை விட்டுப்போயிருந்தது. பிஸ்டனைப் பட்டறைக்குக் கொண்டுவந்து சாமி படத்துக்கு முன்னால் கவிழ்த்து வைத்தேன். ஓட்டை சரியான அளவில் இருந்தது, நாலைந்து ஊதுபத்தி சேர்த்துக் குத்த வசதி. பட்டறையை மூடுகிற வரைக்கும் அதில்தான் தினம் குத்தினேன். நல்ல ஸ்டாண்டு, எங்கே வாங்கினே என்றுகூடச் சிலர் கேட்டிருக்கிறார்கள்.

முதலாளி செத்துப்போய்விட்டார். அண்ணனும் போய்விட்டான் என்று கேள்வி. மலைக்காரன் மட்டும் இருக்கிறானாம், வெள்ளிமலை பஸ் நிற்கிற இடத்தில் காலையில் வந்து உட்காருவானாம். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். இத்தனை வருஷத்தில் நான் ஏறவில்லை. இனியும் ஏற மாட்டேன், மூட்டு வலி என்று வீட்டில் சொல்லிக்கொள்கிறேன். பயம்தான்.

நீங்கள் யாராவது அந்தப் பக்கம் போனால், ஒற்றைக் கால் ஆள் யார் என்று கேளுங்கள், காட்டுவார்கள். அவனிடம் தனியாகச் சொல்லாதீர்கள், நாலு பேர் கேட்கச் சொல்லுங்கள், அந்தப் பிள்ளைகளும் கேட்கட்டும். பிளக் வெள்ளையாக இருந்தது. முந்தின நாள் சாயந்திரமே மேஸ்திரி பார்த்துவிட்டான். துண்டில் எண்ணெய் படவில்லை என்று நீ சொன்னது சரி. இவ்வளவும் சொன்னால் போதும். என் பெயரில் மன்னிப்பு எதுவும் கேட்க வேண்டாம்.