இஸ்ரவேல் என்றால் நாம்தான்

மழையில் ஊறிய தென்னங்கீற்றின் வாசம் இன்று எங்கிருந்தோ வந்து, ஆவடி குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த, பிறகு இடிபட்டுப்போன எங்கள் கொட்டகை ஜெபவீட்டில், ஞாயிறுதோறும் பாய் விரித்து வேதம் சொல்லித்தந்த ஸ்டெல்லா அக்காவிடம் என்னைக் கொண்டுபோய்விட்டது.

"வேதத்துல இஸ்ரவேல்னு வந்தா, அது நாமதான்" என்றார் அக்கா.

"காலைல ரேடியோல இஸ்ரேல் குண்டு போட்டுச்சுன்னாங்களே, அதுவும் நாமளாக்கா?" என்று கேட்டேன்.

அக்கா வேதத்தை மூடினார், திறந்தார். "அது வேற, இது வேற கண்ணு. எப்டி வேறன்னு எனக்கே சொல்லத் தெரியல."

மறுநாள் வகுப்பில், பக்கத்தில் உட்காரும் மும்தாஜ், அந்தச் செய்தி கேட்டுத் தன் அத்தா அழுததாகச் சொன்னாள். நான் பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தேன்.

"இன்னாடி ஆச்சு உனக்கு?" என்று என் கையைப் பிடித்தாள். நான் யாரென்று அவளிடம் சொல்லப் பயமாயிருந்தது.