ரிப்பீட் பொத்தானும் என் அண்ணனின் கல்யாணமும்

எங்கள் நடன வட்டத்தில் ஆண்களுக்குப் பஞ்சம். ஞாயிறு மதியம், வட ஜப்பானின் யோகோதே நகர ஊர்க்கூடத்தில், பெண்கள் சுவரோர நாற்காலிகளில் டாக்டருக்குக் காத்திருப்பவர்கள் போல வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒரு பாட்டுக்கு ஒருவரோடுதான் ஆட்டம். பாட்டு முடிந்ததும் குனிந்து நன்றி சொல்லிவிட்டு ஆளை மாற்ற வேண்டும். பாட்டு நடக்கும்போது பாதியில் கையை விடுவது பெரிய அவமரியாதை.

அந்தப் பாட்டைப் போடுகிறவள் நான், மிட்சுயோ. சலவைக் கடையில் ரசீது எழுதுகிறவள். சி.டி.யும், பாட்டைப் பதிந்துகொள்ளும் சின்னத் தகடான மினிடிஸ்க்கும் ஓடும் கறுப்புப் பெட்டி ஒன்று கூடத்துக்குச் சொந்தம். இடப்பக்கம் சி.டி. தட்டு, வலப்பக்கம் மினிடிஸ்க் நுழையும் வாய், நடுவில் பச்சை எழுத்து ஓடும் சின்னக் கண்ணாடி. பாட்டைத் தேடத் திருகும் குமிழ் ஒன்று, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் ஒன்று, அரிசி மணி அளவில் ஏகப்பட்ட பொத்தான்கள். வாடகைக்கு எடுத்த சி.டி.க்களிலிருந்து நானே மினிடிஸ்க்கில் பதிந்து, ஒவ்வொரு பாட்டும் முடிந்ததும் பெட்டி தானாகவே நிற்கும்படி வைத்திருப்பேன். டி.வி.யில் தினமும் மூன்று தொடர் பார்த்து அழுகிற எனக்கு, இந்தப் பெட்டியின் முன் உட்கார்ந்தால் மட்டும் விதியே நான்தான் என்று ஒரு நினைப்பு.

அந்த ஞாயிறு காலை, அண்ணன் கென்சாகு மிசோ சூப்பைக் கலக்கிக்கொண்டே சொன்னார்.

"இன்னிக்கு தமாகி-சான்கிட்ட கேட்டுடறேன்."

என் கிண்ணத்தை அப்படியே கீழே வைத்துவிட்டேன். தமாகி-சான் எங்கள் வட்டத்தில் ஆடுகிறவர், பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு சமைத்தவர், கணவரை இழந்தவர். மகளோடு இருக்க சப்போரோவுக்குப் போகிறார். சனிக்கிழமை சாமான் லாரி வருகிறது. அண்ணனுக்குக் கல்யாணமே ஆகவில்லை. அவர் ஓட்டும் பஸ்ஸில், ஓட்டுநரிடம் பேசாதீர்கள் என்று ஒரு பலகை உண்டு. அதைக் கழுத்திலேயே மாட்டிக்கொண்டு பிறந்தவர்.

"எப்போ கேப்பீங்க?"

"ஆடறப்போ. வேற எங்க அவங்க பக்கத்துல நிக்கப்போறேன்?"

"ஒரு பாட்டுக்குள்ள கேட்டு முடிச்சிடுவீங்களா அண்ணா? நீங்க வாயைத் திறக்கவே அரைப் பாட்டு ஆகுமே."

"பாத்துக்கலாம் விடு."

விடுவேனா நான்? மதியம் கூடத்தில், அவர் முறை தமாகி-சானிடம் வந்ததும், மூன்று தாளத்துக்கு ஆடும் மெதுவான வால்ட்ஸ் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். தமாகி-சானுக்கு முழங்கால் வலி என்பதால் வேகத்தையும் கொஞ்சம் குறைத்தேன். அதோடு, யாரையும் கேட்காமல், ரிப்பீட் பொத்தானை அழுத்தினேன். இனி அந்த ஒரு பாட்டே சுற்றிச் சுற்றி வரும். அண்ணனுக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு.

முதல் சுற்று முடிந்து ஒரு நொடி இடைவெளி. அண்ணன் வாயைத் திறப்பது தெரிந்தது. பேசிவிட்டார்! எனக்குக் கண் கலங்கியது. பாட்டு மறுபடி தொடங்கியது. நன்றி சொல்லக் குனிந்தவர்கள் குனிந்த வாக்கிலேயே நிமிர்ந்து, மறுபடி கையைப் பிடித்தார்கள். இரண்டாவது சுற்றின் முடிவிலும் அண்ணன் வாயைத் திறந்தார். தமாகி-சான் முகத்தைத் தூக்கி அவரைப் பார்த்தார். நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு உருப்படியாக அழ ஆரம்பித்தேன்.

நாற்காலி வரிசையில் புகைச்சல் கிளம்பியது.

"மிட்சுயோ-சான், இது வால்ட்ஸா, இல்ல குழைஞ்சுபோன உதோன் நூடுல்ஸா?" என்றார் வட்டத்தின் தலைவர் குராமோச்சி-சான், ஆடிக்கொண்டே.

"இருக்கறதே அஞ்சு ஆம்பளைங்க. அடுத்தது என் முறை. உன் அண்ணனை அவங்களுக்கே எழுதிக் கொடுத்துட்டியா?" என்றார் ஒய்காவா-சான். நடனக் காலணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நாற்காலி நுனியில் காத்திருந்தார்.

"கொஞ்சம் பொறுங்க. ஒரு வாழ்க்கை விஷயம்" என்றேன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

மூன்றாவது சுற்றின் முடிவில் அண்ணன் வாயைத் திறந்தார். பாட்டு தொடங்கியது. அவர் என் பக்கம் திரும்பி ஒரு கத்து கத்தினார். அந்தக் குரலை அதுவரை நான் கேட்டதே இல்லை.

"மிட்சுயோ! அதை நிறுத்தித் தொலை! நான் பேசணும்!"

அப்போதுதான் புரிந்தது. அண்ணனுக்கு ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணாமல் காலை எடுத்து வைக்கத் தெரியாது. எண்ணுகிற வாயால் பேச முடியுமா? அவர் அந்த ஒரு நொடி அமைதிக்காகக் காத்திருந்து காத்திருந்து, "தமாகி-சான், வந்து..." என்று தொடங்கும்போதெல்லாம் அவர் கழுத்தை நெரித்தது என் ரிப்பீட்.

பதறிப்போய்ப் பெட்டி மேல் பாய்ந்தேன். மூக்குக்கண்ணாடி இல்லை, கண் நிறையக் கண்ணீர். எது நிறுத்தும் பொத்தான்? ஒன்றை அழுத்தினேன், சி.டி. தட்டு நாக்கை நீட்டியது. குமிழைத் திருகினேன், வால்ட்ஸ் ஓட்டம் பிடித்தது. ஜோடிகள் கால் பின்ன ஓடினார்கள். "முழங்கால், முழங்கால்!" என்று தமாகி-சான் அலறினார். கடைசியில் வயரையே சுவரிலிருந்து பிடுங்கினேன்.

கூடம் முழுக்க மூச்சு வாங்கும் சத்தம் மட்டும். அதற்கு நடுவே அண்ணன், இன்னும் தமாகி-சான் கையை விடாமல், எல்லோரும் கேட்கக் கேட்டார்.

"தமாகி-சான், போகாதீங்க. என்னைக் கல்யாணம் பண்ணிக்குங்க."

தமாகி-சான் நெற்றி வியர்வையைத் துடைத்தார். "வீட்டைக் காலி பண்றதாச் சொல்லிட்டேன் கென்சாகு-சான். போகாம இருக்க முடியாது."

வயரும் கையுமாக நான் ஓரடி வைப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

"ஆனா நீங்க வரலாமே. சப்போரோவிலயும் பஸ் ஓடுதே."

"வரேன்" என்றார் அண்ணன். யோசிக்கவே இல்லை. ஒரு பஸ்ஸை நிறுத்தி ஆளை ஏற்றிக்கொள்கிற நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். என் கதையில் தமாகி-சான்தான் எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்தது. மாடி அறைக்குத் திரைச்சீலைத் துணிகூட மனதுக்குள் எடுத்துவிட்டேன். அண்ணன் கிளம்பிப் போகிற காட்சியை எழுத எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது அழுதிருந்தால் அழகாக இருந்திருக்கும். ஆனால் இருந்த கண்ணீரையெல்லாம் முன்னாலேயே செலவழித்தாயிற்று. மூக்கு மட்டும்தான் ஒழுகியது.

"சந்தோஷம். இப்போ என் முறை" என்று ஒய்காவா-சான் எழுந்து வந்து அண்ணன் கையைப் பிடித்தார். வயரைச் செருகி அடுத்த பாட்டைப் போட்டேன்.

தமாகி-சான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்தார். ஒரு ஆரஞ்சை உரித்துப் பாதியை என்னிடம் நீட்டினார்.

"மிட்சுயோ-சான், அவருக்குச் சாப்பாட்டுல என்ன பிடிக்கும்?"

சொன்னேன். மிசோ சூப் கெட்டியாக இருக்க வேண்டும். புகை போட்ட முள்ளங்கி ஊறுகாய் இல்லாமல் சோறு இறங்காது. குளிர்காலத்தில் இரண்டு காலுறை, அதுவும் நாம்தான் எடுத்து வைக்க வேண்டும். எல்லாவற்றையும் சொன்னேன்.

யாராவது முள் எடுத்துக் கொடுத்தால்தான் அவர் மீனைத் தொடுவார் என்பதை மட்டும் சொல்லவில்லை. அண்ணனையே தூக்கிக்கொண்டு போகிறார். இதைக்கூடவா நான் சொல்லித் தர வேண்டும்?