சந்துப் பக்கம் ஒரு வாசல்

குலசேகரன்பட்டினத்தில் ஹமீது பீவியிடம் வாய் கொடுத்துத் தப்பியவர் யாருமில்லை. கணவர் காலமான பிறகு வளையல் கடையைத் தனியாளாகக் கட்டி ஆண்டவள். 1912இல் அந்த வாய் தர்மாஸ்பத்திரிப் பக்கம் திரும்பியது. ஊர் செய்த புண்ணியம்!

நோயாளிகளே வருவதில்லை, அதனால் ஆஸ்பத்திரியை மூடப் போகிறார்கள் என்று பேச்சு. மூடினால் பிரசவம் பார்க்கும் நர்ஸ் சாலோமி பாளையங்கோட்டைக்கே திரும்பிவிடுவாள். பீவியின் மூத்த மகள் பிரசவத்தில் போய்ச் சேர்ந்தவள். இளையவள் அக்தர் பானுவுக்கு இப்போது எட்டாம் மாதம். பெற்ற வயிறு பதறாதா?

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு டாக்டர் நேசையாவிடமே போய் நின்றாள்.

“டாக்டரய்யா, ஊருல நோய்க்கா பஞ்சம்? ஒங்க வாசல் கடைத்தெருவப் பாத்துல்லா இருக்கு. ஆம்பளைய நிக்குத எடத்துக்கு எங்க பொம்பளைய எப்படி வருவாவ? எங்க கடையில முன்வாசல் சும்மா அழகுக்குத்தான். சந்துப் பக்கத்து வாசல்தான் எங்களுக்குச் சோறு போடுது.”

டாக்டருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஆனாலும் மறுநாளே கொத்தனாரைக் கூப்பிட்டுவிட்டார். பெண்கள் மட்டுமே நடக்கும் பின்சந்தில் ஒரு வாசல், அதில் ஒரு திரை, உள்ளே சாலோமி. பீவி வளையல் விற்கப் போன வீடுகளில் எல்லாம் ஆஸ்பத்திரியையும் சேர்த்தே விற்றாள். பெண்கள் வந்தார்கள் ஐயா, வந்தார்கள்! சந்தே கொள்ளவில்லை!

அந்த நேரம் பார்த்து மேலிடத்து அதிகாரி வந்து சேர்ந்தார். ஆண் குரல் கேட்டதும் பெண்களெல்லாம் திரைக்கு வெளியே சந்தில் ஒதுங்கிவிட்டார்கள். அதிகாரி கண்ணில் பட்டது காலி பெஞ்சுகள்தான்.

“வெளியே கூட்டம் இருக்குன்னு சொன்னாப் போதுமா? நான் பாக்கணுமே” என்றார். அந்நிய ஆண் அந்தச் சந்தில் கால் வைப்பதாவது! ஆஸ்பத்திரியை மூடச் சொல்லி எழுதப் பேனாவைத் திறந்துவிட்டார்.

சந்திலிருந்து பீவியின் குரல் கிளம்பியது. “ஏ புள்ளையளா, வளையலுக்கு நீட்டுத மாதிரி கைய உள்ள நீட்டுங்க! மருந்துக் குப்பியோட நீட்டுங்க!”

திரை விலகாமலே கைகள் வந்தன. மருதாணிக் கை, சுருங்கிய கை, தாயின் கையைப் பற்றிய பிஞ்சுக் கை. ஒன்று போக ஒன்று வந்துகொண்டே இருந்தது. எண்ணத் தொடங்கிய அதிகாரி பாதியில் கணக்கை விட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

“ஆஸ்பத்திரி நடக்கட்டும்.”

“நர்சம்மா?” என்றது திரைக்கு அப்பாலிருந்த குரல்.

“அவங்களும் இங்கேதான்.”

ஓடியே பழக்கமில்லாத பீவி அந்தச் சந்து நெடுக ஓடினாள். வீட்டுக்குள் நுழைந்து மகளை வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். “நீ பொழைச்சுக்கிடுவ புள்ள! சாலோமி இங்கனதான் இருக்கா!” என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.