உரக்கடையிலிருந்து போன மனுக்கள்

எனக்கு வழிகாட்டியாக வாய்த்தவனுக்கு வயது பத்தொன்பது. எனக்கு இருபத்தொன்று. இதை நான் வீட்டில் சொல்லியிருக்கவே கூடாது.

"உன்னவிடச் சின்னப் பயலா உனக்கு வாத்தியாரு?" என்றார் அப்பா.

"வாத்தியார் இல்லப்பா. மென்ட்டர்."

"எங்க இருக்கான்?"

"வெளிநாட்டுல. பனி கொட்டுற ஊரு."

"நேர்ல பாத்திருக்கியா?"

"வீடியோல பாத்திருக்கேன்."

"அப்ப பாக்கல" என்று முடித்துவிட்டார்.

ஓப்பன் சோர்ஸ் என்றால் என்னவென்று அவருக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஒரு மென்பொருள், அதற்கு முதலாளி கிடையாது, எழுதியதை எல்லோரும் பார்க்கலாம், திருத்தம் சொல்லலாம், எடுத்துப் பயன்படுத்தலாம். அப்படிப்பட்ட வேலைகளில் கோடை விடுமுறையில் மாணவர்களைச் சேர்த்து, விவரம் தெரிந்த ஒருவரைத் துணைக்குப் போட்டுப் பழக்குகிறார்கள். கடைசியில் மதிப்பீடு. நாம் எழுதியதை மென்ட்டர் ஏற்றுக்கொண்டால் தேர்ச்சி. இல்லையென்றால் மூன்று மாத உழைப்பும் வாய்க்காலில் போச்சு.

தஞ்சாவூரில் நான் படிக்கும் கல்லூரியிலிருந்து நான் ஒருத்திதான் தேர்வாகியிருந்தேன். "சேந்துட்டா, சரி. முடிக்கிறாளான்னு பாப்போம்" என்று என் துறை ஆசிரியர் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அவர் அதை மெதுவாகச் சொல்லக்கூட முயலவில்லை. அன்றைக்கே முடிவு செய்தேன், இதை முடிக்காமல் விடுவதில்லை என்று.

எனக்குக் கொடுத்த வேலை இதுதான். இணையத்தில் விவாதப் பலகை நடத்துவதற்கான ஒரு மென்பொருள். அந்தப் பலகைகளில் ஒரே ஆள் ஐம்பது பெயரில் நுழைந்து ஒரே விளம்பரத்தை ஐம்பது தடவை ஒட்டிவிட்டுப் போவான். இந்தக் குப்பைக்கு ஸ்பேம் என்று பெயர். அதைப் பிடிக்கும் வடிகட்டியை நான் எழுத வேண்டும். எழுதினேன். புதிதாகத் தொடங்கிய கணக்குகள், ஒரே இணைய இணைப்பு, ஒரே வாசகம், குறுகிய நேரம். இந்த நான்கும் சேர்ந்தால் அந்த இணைப்பைப் பயன்படுத்திய எல்லாக் கணக்குகளையும் வடிகட்டி முடக்கிவிடும். முடக்கியதும் அவர்கள் திரையில் தெரிய வேண்டிய அறிவிப்பையும் நானே எழுதினேன், தமிழிலும் சேர்த்து: "உங்கள் நடத்தை மனிதர் நடத்தையாகத் தெரியவில்லை. நீங்கள் மனிதர்தான் என்றால் கீழே விளக்கம் எழுதவும்."

குப்பை போடுகிறவனுக்கு என்ன மரியாதை என்று நினைத்துத்தான் எழுதினேன்.

எங்கள் ஊர் நீடாமங்கலத்திலிருந்து உள்ளே தள்ளியிருக்கிறது. வீட்டில் சிக்னல் கிடையாது. ஊரில் வைஃபை இருக்கும் ஒரே இடம் என் மாமாவின் உரக்கடை. மூன்று மாதமும் மூட்டைகளுக்கு நடுவில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உர நெடியில் கண் எரியும். மாமா வாய் அதற்கு மேல் எரியும்.

"வாங்க இன்ஜினியரம்மா. யூரியா மூட்ட மேல உக்காராதீங்க, கட்டி தட்டிப் போயிரும். டிஏபி மேல உக்காருங்க, அதுக்கு ஒண்ணும் ஆவாது."

வடிகட்டியை முடித்து, அந்தத் திட்டத்தின் சொந்தப் பலகையிலேயே சோதனைக்கு ஓடவிட்டு, ஏற்றுக்கொள்ளச் சொல்லி மென்ட்டருக்கு அனுப்பினேன். பதில் இல்லை. நினைவூட்டினேன். பதில் இல்லை. அவனுக்குக் கல்லூரித் தேர்வாம், பிறகு தெரிந்தது. இங்கே மதிப்பீட்டுக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்பா கவனித்துவிட்டார். "என்னம்மா ஆச்சு?"

"எழுதி அனுப்பிட்டேன்பா. அவன் பாக்கவே மாட்டேங்குறான்."

"தனியாவா அனுப்புன?"

"பின்ன? எழுதுனவதான அனுப்பணும்."

"தனியா குடுத்த மனுவ எவன் பாப்பான்? அங்க வேற யாரும் எழுதலாமா?"

"எழுதலாம். யாரு வேணாலும் எழுதலாம்." எரிச்சலில் சொன்னேன். அந்த ஒரு வாக்கியம்தான் என்னைக் கவிழ்த்தது.

அப்பா எங்கள் பகுதிக் கடைமடை விவசாயிகள் சங்கத்தின் செயலாளர். கடைமடை என்றால் ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் வயல்கள். மேட்டூரில் திறந்த தண்ணீர் மேலே இருப்பவர்களுக்கெல்லாம் பாய்ந்து முடித்து எங்களிடம் வருவதற்குள் நாற்றங்கால் வெடித்துவிடும். அதனால் சங்கத்துக்கு மனு கொடுத்தே பழக்கம். அதற்கு அப்பா ஒரு முறை வைத்திருக்கிறார். ஒரு மனுவில் ஐம்பது பேர் கையெழுத்துப் போட்டால் அது ஒரு மனு. அதே வாசகத்தை ஐம்பது பேர் தனித்தனியாகக் கொடுத்தால் ஐம்பது மனு. ஒவ்வொன்றுக்கும் தனியாக ரசீது போட வேண்டும், தனியாகப் பதில் சொல்ல வேண்டும். எழுதுவது அப்பா, கொடுப்பது ஊர். இந்த முறையில் பல தடவை தண்ணீர் வந்திருக்கிறது.

மறுநாள் நான் தஞ்சாவூருக்குக் கல்லூரி வேலையாகப் போயிருந்தேன். அங்கே போய்ப் போனைத் திறந்து பலகைக்குள் நுழைந்தால் திரையில் ஓர் அறிவிப்பு.

"உங்கள் நடத்தை மனிதர் நடத்தையாகத் தெரியவில்லை."

நான் எழுதியது. என்னிடமே கேட்கிறது.

அப்பாவுக்குப் போன் அடித்தேன். மாமா எடுத்தார். பின்னால் சந்தைக் கூச்சல்.

"உங்கப்பாவோட போனு எங்கிட்டதான் இருக்கு. கடைல நிக்க எடமில்ல. ஒவ்வொருத்தனுக்கா கணக்கு தொடங்கிக் குடுத்துட்டிருக்கேன். மொதல்ல மூணு பேரு போனாங்க, அதுக்கப்புறம் எல்லாரையும் மனுசனான்னு கேக்குது. இது என்ன கேள்வி?"

"மாமா, நிறுத்துங்க! ஒருத்தரும் எழுதக் கூடாது!"

"நிறுத்தறதா? வெளக்கம் எழுதுன்னு கேக்குதுல்ல. எல்லாரும் எழுதிட்டிருக்காங்க."

பேருந்தில் திரும்பி வரும் வழியெல்லாம் நான் யாரையும் விட்டுவைக்காமல் மனதுக்குள் திட்டினேன். கடைக்கு வந்து அவரவர் போனை வாங்கிப் பார்த்தேன். முதலில் நுழைந்துவிட்ட மூன்று மனுக்கள் பலகையில் உட்கார்ந்திருந்தன. "பெறுநர்: உயர்திரு மேலாளர் அவர்கள். பொருள்: எங்கள் ஊர் மகளின் வேலையை உடனே ஏற்றுக்கொள்ள வேண்டுதல். ஐயா," என்று தொடங்கி, கடைமடைப் பகுதியின் நிலைமையை ஒரு பத்தி சொல்லி, "ஆவன செய்யுமாறு" முடிந்தது.

விளக்கங்கள் அதைவிட மோசம். "நான் மனிதன்தான், சிட்டா நகல் இணைத்துள்ளேன்" என்று ஒருவர். சிட்டாவைப் படம் எடுத்தே போட்டிருந்தார். "தேவைப்பட்டால் வி.ஏ.ஓ.விடம் சான்று வாங்கித் தருகிறேன்" என்று இன்னொருவர். ஒரு பெரியவர் ஒரே வரியில் நிறுத்தியிருந்தார்: "வந்து பார்."

"ஏம்ப்பா இப்படிப் பண்ணீங்க?" கத்தினேன்.

"என்னம்மா தப்பு? மூணு மனு சேந்துருச்சுல்ல?"

"என் கணக்கையே முடக்கிருச்சு! இதே வைஃபைலதான் நான் மூணு மாசம் உக்காந்திருந்தேன். உங்களோட சேத்து என்னையும் குப்பைன்னு தூக்கிப் போட்டுருச்சு!"

"யாரு போட்டது?"

"நான் எழுதுனதுதான் போட்டுச்சு!"

"நீ எழுதுனது உன்னையே புடிச்சுதா?" என்று கேட்டார் அப்பா. அந்தக் குரலில் வருத்தம் இருந்த மாதிரி தெரியவில்லை.

சாயங்காலம் மென்ட்டர் வீடியோவில் வந்தான். இந்த விளக்கங்களெல்லாம் அவனுக்குப் போய்க் குவிந்ததில் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தவன் திடுக்கிட்டிருக்கிறான். சிரிக்கவில்லை. நேராகக் கேட்டான்: இவர்கள் உண்மையான ஆட்களா?

பக்கத்திலிருந்த அப்பா திரைக்குள் தலையை நீட்டினார். "தம்பி, சாப்பிட்டீங்களா?"

மொழிபெயர்த்தேன். சாப்பிட்டானாம்.

"உண்மையான ஆளுங்கதான்னு சொல்லு. எல்லாருக்கும் நெலம் இருக்கு, பட்டா இருக்கு."

சொன்னேன். அடுத்த கேள்வி: அவரவர் எழுதியதை அவரவர் போட்டார்களா?

"நான்தான் எழுதுனேன். அவங்க போட்டாங்க" என்றார் அப்பா. பொய் சொல்லத் தெரியாத மனிதர். அதையும் அப்படியே சொன்னேன்.

அவன் யோசித்தான். பிறகு சொன்னான்: இதை நான் முடிவு செய்ய மாட்டேன். வடிகட்டி சரியாகப் பிடித்ததா, தவறாகப் பிடித்ததா என்று நீயே உன் இறுதி அறிக்கையில் எழுது. உன் கணக்கை மட்டும் திறந்துவிடுகிறேன், அறிக்கை அனுப்புவதற்காக. அதைப் படித்துவிட்டுத்தான் தேர்ச்சியைச் சொல்வேன்.

பத்தொன்பது வயதுப் பயல். அவன்மேல் வந்த கோபம் இப்போதுகூட முழுக்க ஆறவில்லை.

சரியாகப் பிடித்தது என்று எழுதினால் என் ஊரையே குப்பை என்று எழுதிக் கொடுத்ததாகும். நடவுக்கு நடுவில், சேற்றுக் காலோடு, எனக்காக வந்து நின்றவர்கள். தவறாகப் பிடித்தது என்று எழுதினால் என் வேலை தோற்றது, மதிப்பீடு போச்சு, அந்த ஆசிரியர் சொன்னது பலித்துவிடும். அப்பா எதிரில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன எழுதப் போற?"

"பிடிச்சது சரின்னு."

"அப்ப நாங்க உள்ள வர முடியாது?"

"முடியாது. வந்தவங்க மனுசங்கதான். ஆனா வந்த விதம் திருட்டு விதம். ஒருத்தர் எழுதி அம்பது பேர் பேர்ல போடறதத்தான் நான் மூணு மாசமா தடுத்துட்டிருக்கேன். அத எங்கப்பா செஞ்சாருன்னு விட்டா, நாளைக்கு எல்லாவனுக்கும் அப்பா இருப்பான்."

மாமா மூட்டையின் பின்னாலிருந்து, "இவ நம்ம பொண்ணுதானா?" என்றார்.

எழுதினேன். யாரையும் விடுவிக்க வேண்டாம், முதலில் தப்பி நுழைந்த மூன்றையும் நீக்க வேண்டும், நுழையவிட்டது வடிகட்டியின் குறை, அதைத் திருத்திவிட்டேன் என்று எழுதினேன். அறிவிப்பு வாசகத்தை மட்டும் மாற்றலாமா என்று அவன் கேட்டிருந்தான், கொஞ்சம் கடுமையாக இருக்கிறதாம். மற்ற மொழிகளில் மாற்றினேன். தமிழில் மாற்றவில்லை. எங்கள் ஆட்கள்தான் அதற்கு ஏற்கெனவே பதில் சொல்லிவிட்டார்களே.

தேர்ச்சி வந்தது. துறை ஆசிரியர் கைகுலுக்கினார். நானும் குலுக்கினேன், வேறு வழியில்லை.

ஊர் என்மேல் கோபமாக இருக்கும் என்று நினைத்தேன். அப்பா வேறு கதை பரப்பியிருந்தார். "பெத்த அப்பன், நானே மனு குடுத்தேன். உள்ள விடமாட்டேன்னுட்டா. அவ்வளவு கறாரு" என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். மதகுக்கு இப்படி ஓர் அதிகாரி வந்தால் கடைமடைக்கும் தண்ணீர் நியாயமாக வரும் என்று சங்கக் கூட்டத்தில் ஒருவர் பேசியதாகக்கூடக் கேள்வி.

உரக்கடை வைஃபையில் அந்தப் பலகைக்குள் இன்றும் நுழைய முடியாது. உரம் வாங்க வெளியூர் ஆள் யாராவது வந்தால், அப்பா மாமாவின் போனை வாங்கி அந்தப் பக்கத்தைத் திறந்து, மனிதரா என்று கேட்கும் அறிவிப்பைக் காட்டுகிறார்.

"படிங்க. எம்பொண்ணு எழுதுனது."