அசைவுக் கோடு

“எலே அஜின், உள்ளதைச் சொல்லு. அந்த ஃபைல்ல நீ கை வெச்சியா?”

“எனக்கு வேற சோலி இல்லியா? உனக்கு வந்தது உனக்கு, எனக்கு வந்தது எனக்காக்கும்.”

“பின்ன அது எப்படி மாறுது?”

“ஸ்கேன் எடுக்கும்போ தலை ஆடியிருக்கும். உன்னைப் போல அடங்காத ஆளு போல.”

சிரித்துக்கொண்டே போனை வைத்தான்.

போன வருடம் மே மாதம், கேரள எல்லையிலுள்ள பாறசாலையில், பட்டப்பகலில் நடந்தது இது. ரெஜிலா சொன்னதில் ஒரு சொல் கூட்டவில்லை. நம்ப முடியாதவர்கள் நம்ப வேண்டாம்.

மூளையில் எந்த நரம்பு எதோடு இணைகிறது என்று படமெடுத்து வரையும் ஆய்வகம் ஒன்றில், மாணவருக்கு இரண்டு மாதப் பயிற்சி. ஒரே ஓர் இடம். கடைசிச் சுற்றில் நின்றவர்கள் ஒரே வகுப்பில் படிக்கும் ரெஜிலாவும் அஜினும். பொதுவான ஃபோல்டர் ஒன்றில் ஆளுக்கொரு ஸ்கேன் போட்டிருந்தார்கள், மின்னஞ்சலிலும் வந்திருந்தது. மாலை ஐந்துக்குள் நரம்புப் பாதைகளை வரைந்து அனுப்ப வேண்டும். இந்த இடம் கிடைத்தால்தான் அவளுக்கு மேல்படிப்பு. தன் ஊரான பனச்சமூட்டில் நெட் சரியாகக் கிடைக்காது என்று, பாறசாலை ரயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் சித்தி வீட்டு மாடியில் உட்கார்ந்திருந்தாள்.

முகம், மண்டையோடு எல்லாம் நீக்கி மூளையை மட்டும்தான் மாணவர்களுக்குத் தருவார்கள். யாருடையது என்று தெரியக் கூடாது. எந்த ஸ்கேன் வந்தாலும் முதலில் தலை அசைந்ததா என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது இவர்களுக்குக் கைப்பழக்கம். திரையில் ஒரு கோடு ஓடும். அசைந்த இடத்தில் துள்ளும்.

காலை 11.10. ஸ்கேனின் இருபத்து மூன்றாம் நிமிடத்தில் மட்டும் கோடு லேசாகத் துள்ளியது. அரை மில்லிமீட்டர். பரவாயில்லை.

2.35. சரிபார்க்க மறுபடி ஓட்டினாள். அதே ஃபைல். இப்போது இரண்டு மில்லிமீட்டர். ரயில் போன அதிர்வோ என்று நினைத்தாள். எப்போதோ எடுத்த படத்தை ரயில் எப்படி அசைக்கும்? தன்னையே திட்டிக்கொண்டாள்.

அப்புறம்தான் அஜினை அழைத்தது. அவன் சிரித்தது பிடிக்கவில்லை. பாஸ்வேர்டை மாற்றினாள். மின்னஞ்சலிலிருந்து ஃபைலைப் புதிதாக இறக்கினாள். நெட்டைத் துண்டித்தாள்.

4.05. கோடு நேராக ஓடியது.

கீழேயிருந்து சித்தி, “ரெஜிலா, சாயா குடிக்க வாறியா?”

கோடு துள்ளியது.

தற்செயல்...

“வாறேன் சித்தி.”

இன்னொரு துள்ளல். முன்னதைவிடப் பெரிது.

வாயைப் பொத்திக்கொண்டாள். கோடு அடங்கியது.

ஒரு நிமிடம்... இரண்டு...

மிக மெல்ல, “யாரு?” என்றாள்.

கோடு திரையின் உச்சிக்குப் போனது.

இறங்கவில்லை.

4.50. இடம் போனாலும் போகட்டும் என்று, கண்டதைக் கண்டபடியே எழுதி அனுப்பினாள்.

4.58. ஆய்வகத்திலிருந்து ஸ்வப்னா மிஸ் அழைத்தார்.

“அசைவு உண்டுன்னு எழுதியிருக்கே?”

“உண்டு மிஸ். அந்த ஆளு ரொம்ப அசைஞ்சிருக்கு.”



“அது ஆள் இல்ல மோளே. தானமா வந்த உடம்பிலேருந்து எடுத்த மூளையாக்கும். கண்ணாடிக் குப்பியில, ஜெல்லுக்குள்ள அசையாம வெச்சு எடுத்த ஸ்கேன்.”

ரெஜிலா திரையைத் திரும்பிப் பார்த்தாள்.

“சீட்டு உனக்குத்தான்.” மிஸ்ஸின் குரல் தாழ்ந்தது. “இவ்வளவு நாளும் இங்க எங்க மெஷின்ல அது அசைஞ்சிட்டிருந்துது. உனக்கு அனுப்பின பிறகு அசையல்ல... ஒரு உபகாரம் செய்யணும். அந்த ஃபைலைத் திருப்பி அனுப்பாண்டாம். அழிக்கவும் செய்யாண்டாம். உன் கையிலேயே இருக்கட்டு. செய்வியா மோளே?”