அம்மாவின் டொச்சுப் பரீட்சை

நான் டொச்சு, அதுதான் ஜேர்மன் மொழி, படிப்பிக்கிறேன் என்று பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் சொன்னால், "ஏன் பிள்ளை, வேற நல்ல வேலை ஒண்டும் கிடைக்கேல்லையோ?" என்று கேட்பார்கள். அதுவும் டொச்சு தெரியாத பிள்ளைகளுக்கு இல்லை, ஜேர்மனியில் பிறந்து அதையே கதைத்து வளர்ந்த பிள்ளைகளுக்கு என்று விளக்கினால் கதை கந்தல். தெரிந்த பாஷையில் படிப்பிக்க என்ன கிடக்கிறது?

பதினொரு வயதில் எனக்கும் அதே எண்ணம்தான். பெரியப்பா ரூ பெர்தொனே என்ற தெருவில் கடை திறந்து அப்பாவைத் துணைக்குக் கூப்பிட, ஜேர்மனியில் இருந்த நாங்கள் குடும்பத்தோடு பாரிசுக்கு வந்து சேர்ந்தோம். எனக்குப் பிரெஞ்சில் ஒரு சொல் வராது. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில், பாஷை பிடிபடும்வரை ஒரு வருடம் சின்னப் பிள்ளைகளோடு இருக்கட்டும் என்றார்கள். அம்மா இடிந்துபோனா. "பிள்ளையின்ர ஒரு வருசப் படிப்பெல்லோ பாழாப் போகப்போகுது!" என்று சோறும் இறங்காமல் திரிந்தா. அப்போதுதான் கடைக்கு வந்த ஒருவர் சொன்னார்: இன்னொரு பள்ளிக்கூடத்தில், டொச்சைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறதாம். ரீச்சரின் முன்னால் கவிதை ஒன்று சொல்லித் தேறினால், என் வயதுப் பிள்ளைகளோடேயே இருக்கலாமாம்.

இதில் ஒரு வேடிக்கை. எங்கள் வீட்டில் டொச்சுக்குத் தடை. வெளியில் என்னத்தையும் கதை, வாசலுக்குள் கால் வைத்தால் தமிழ்தான். தப்பித்தவறி ஒரு டொச்சுச் சொல் வாயில் வந்தால், "இது ஆற்ற வீடு?" என்று அகப்பையோடு வருவா அம்மா. அந்த மனுஷிதான் என்னை டொச்சுப் பரீட்சைக்குத் தயார்படுத்தினா.

ஊரில் பனி பெய்வதைப் பற்றிய சின்னக் கவிதை அது. அம்மாவுக்குத் தெரிந்த கவிதைப் பரீட்சையோ ஒன்றே ஒன்று, தமிழ்ப் பள்ளிக்கூடத்து மனனப்போட்டி. "நிமிர்ந்து நில். நடுவரைப் பார். கடைசி வாங்கில இருக்கிறவருக்கும் கேக்கவேணும்." எந்த வரிக்குக் கையை உயர்த்துவது, எதற்கு நெஞ்சில் வைப்பது எல்லாம் பழக்கியாயிற்று. கவிதையின் பொருள் அவவுக்குப் பாதிதான் விளங்கியது. எனக்கு முழுக்க விளங்கியும் நான் யோசிக்கவில்லை.

பரீட்சையன்று ரீச்சர் தனியே மேசையில் இருந்தா. கட்டை மயிர் வெட்டிய, அமைதியான மனுஷி. நான் கைகூப்பி, "பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே" என்பதை அப்படியே டொச்சில் முழங்கித் தொடங்கினேன். ஊர் மேல் பனி சத்தமில்லாமல் இறங்குகிறது என்ற வரியை யன்னல் அதிரக் கத்தினேன். முடித்ததும் பின்னால் இருந்த அம்மா கைதட்டினா.

ரீச்சர் சிரிக்கவில்லை. நல்ல காலம்! சிரித்திருந்தால் அன்றைக்கே டொச்சுக்கு முழுக்குப் போட்டிருப்பேன். "நல்ல குரல்" என்றா. "இப்போது உட்கார்ந்துகொள். பக்கத்தில் ஒரு குழந்தை தூங்குகிறது என்று நினைத்து, அதையே மறுபடி சொல்."

சொன்னேன். மெல்லச் சொல்லும்போதுதான் அந்தக் கவிதைக்குள் உண்மையாகவே பனி பெய்தது. தெரிந்த பாஷையில் படிக்க என்ன இருக்கிறது என்பதற்கு எனக்குக் கிடைத்த முதல் பதில் அது. இன்றைக்கும் என் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்கிறேன்.

ஆனால் ரீச்சருக்கு இன்னொரு கேள்வி கேட்கவேண்டியிருந்தது. வீட்டிலும் டொச்சு கதைக்கிற பிள்ளைகளுக்குத்தான் இடம், அந்தப் பிரிவின் சட்டம் அது. அம்மாவிடம் நிறுத்தி நிறுத்திக் கேட்டா, "வீட்டில் என்ன மொழி கதைக்கிறீர்கள்?"

அம்மா என்னைப் பார்த்தா. தொண்டையைச் செருமினா. "டொய்ச்" என்றா. பிறகு இன்னும் உரமாக, "நூர் டொய்ச்." டொச்சு மட்டும்தானாம்!

எனக்கு வாய் பிளந்துவிட்டது. அந்த ரெண்டு சொல்லுமே யாழ்ப்பாணத்து வெயிலில் காய்ந்து வந்த மாதிரித்தான் இருந்தன. ரீச்சர் கொஞ்ச நேரம் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நல்லது. உங்கள் மகளைச் சேர்த்துக்கொள்கிறேன்" என்றா.

வெளியில் வந்ததும், "அம்மா, பொய் சொல்லிப்போட்டியள்!" என்று துள்ளினேன். "வாயை மூடிக்கொண்டு வா" என்றா. மெத்ரோவில் சால்வை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தா. இடம் கிடைத்த சந்தோசம் என்று நினைத்தேன். ரீச்சரையே பேய்க்காட்டிப்போட்டா எங்கட அம்மா என்று எனக்கு ஒரே பெருமை.

அந்த ரீச்சரிடம்தான் பள்ளிக்கூடம் முடியும்வரை படித்தேன். இன்று நான் சாப்பிடுகிற சாப்பாடு அவவின் புண்ணியம், அதைச் சொல்ல எனக்கு வெட்கமே இல்லை. அந்த முதல் தவணை முடிவில் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். ரீச்சர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினா.

"நான் சொல்வதை அம்மாவுக்கு உங்கள் மொழியில் சொல். ஒன்றையும் விடாதே. பிள்ளை நன்றாகப் படிக்கிறாள். வீட்டில் நீங்கள் கதைக்கிற மொழியை மட்டும் கைவிட்டுவிடாதீர்கள்."

நான் கெட்டிக்காரியாக, ஒரு சொல் பிசகாமல் தமிழில் சொன்னேன். அம்மா தலையைக் குனிந்தா.

"ரீச்சரிட்டைச் சொல்லு பிள்ளை, பெரிய உபகாரம் எண்டு. எதுக்கெண்டு அவவுக்கு விளங்கும்."

எனக்கு நல்ல மார்க்ஸ் போட்டதற்குத்தான் அம்மா நன்றி சொல்கிறா என்று நினைத்து, அதையும் சந்தோசமாக மொழிபெயர்த்தேன்.