அவர் கணக்கில் போட்ட போஸ்டர்

செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டின் மேல் எங்கள் கடை. முன்னறை கடை, உள்ளே வீடு. கல்யாணப் பத்திரிகை, பேனர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் எல்லாம் நானும் என் கணவரும் கம்ப்யூட்டரில் வடிவமைத்து அச்சுக்கு அனுப்புவோம்.

முதலில் சென்னையிலிருந்து வாங்கிவந்த ஒரு சிடியில்தான் பிழைப்பு ஓடியது. ஒருமுறை ஏற்றிவிட்டால் அந்த மென்பொருள் நம்முடையது. தெருவுக்கு ஃபைபர் லைன் வந்ததும் அவர் அதை விட்டுவிட்டு மாத வாடகை மென்பொருளுக்கு மாறினார். செய்த வேலையெல்லாம் நெட்டில் எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது. எனக்குப் பிடிக்கவில்லை. வாடகை கட்டாவிட்டால் பூட்டிவிடுவார்களே என்றேன்.

"நாம இருக்கற வீடே வாடகதான? இதுல இன்னா பயம்?" என்றார்.

கணக்கு அவர் பெயரில், அவர் போன் நம்பரில் இருந்தது. நானும் அதற்குள் நுழைந்துதான் வேலை பார்த்தேன்.

மழைக்காலத்தில் ஒரு நாள் காலை நெஞ்சு வலிக்கிறது என்றார். அவர் தம்பி காரில் வைத்து விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பேருக்கு ஒரு ஊசி போட்டு அனுப்பிவிடுவார்கள், நீ கடையைப் பார் என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் என் கணவர் வண்டியில் ஏறினார். நான் கடையைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்து வைத்தேன். அது சரிந்து விழுந்தது. எடுத்து மறுபடி சாய்த்து வைத்தேன்.

மதியத்துக்குள் வீடு நிறைந்துவிட்டது. கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு வேறு கடையில் சொல்லலாம் என்று மாமனார் யாரிடமோ பேசுவது காதில் விழுந்தது. நானே போடுகிறேன் என்றேன். யாரும் தடுக்கவில்லை. உள்ளே பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். நான் முன்னறையில் போய் கம்ப்யூட்டரைப் போட்டேன்.

மென்பொருள் திறக்கவில்லை. கணக்கு உங்களுடையதுதானா என்று கேட்டு, அவர் போனுக்கு ஓடிபி அனுப்பியிருப்பதாகச் சொன்னது. இடையிடையே அப்படிக் கேட்கும். போன் ஆஸ்பத்திரியில் தம்பியிடம் இருந்தது. கூப்பிட்டு, அதில் ஒரு நம்பர் வந்திருக்கும், படியுங்கள் என்றேன்.

"இப்ப எதுக்கு அண்ணி அது?"

"போஸ்டருக்கு."

 தம்பி ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். அழுகையில் ஒன்று சரியாகக் கேட்கவில்லை. திரும்பப் படிக்கச் சொன்னேன். என் கணவர் பெயரைப் போட்டு, மீண்டும் வரவேற்கிறோம் என்று திரை திறந்தது.

அவர் தனியாக நின்று எடுத்த படம் எதுவுமில்லை. உறவுக்காரர்களோடு கோட்டைக்குப் போனபோது எடுத்ததில் முகம் நன்றாக விழுந்திருந்தது. பக்கத்தில் நின்றவர்களை அழித்தேன். பின்னால் ராஜகிரி மலை இருந்தது, அதையும் அழித்தேன். காதோரம் கொஞ்சம் பிசிறு தட்டியது. பெரிதாக்கிச் சரிசெய்தேன். நான் அழவில்லை. எழுத்தின் நிறம் பின்னணியோடு ஒட்டவில்லையே என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் அவரை எடுத்துப் போகும்போது, போகிற வழியெல்லாம் போஸ்டர் ஒட்டியிருந்தது. அச்சு சுத்தமாக வந்திருந்தது.

பிறகு பேங்கில் அவர் கணக்கை முடித்தோம். அதிலிருந்து போய்க்கொண்டிருந்த வாடகை நின்றதும் மென்பொருள் பூட்டிக்கொண்டது. வல்லத்துக்காரர் ஒருவரின் மகள் கல்யாணப் பத்திரிகை அதற்குள் பாதியில் கிடந்தது. கஸ்டமர் கேருக்குப் போன் செய்தேன். கணக்கை வேறு பெயருக்கு மாற்ற, கணக்குக்காரர்தான் பேச வேண்டும் என்றது ஒரு பெண்குரல்.

"சார்கிட்ட குடுங்க மேடம்."

"அவரு இல்லம்மா."

"எப்ப வருவாரு மேடம்?"

"வர மாட்டாரு."

அவள் நிறுத்தி, வருத்தம் தெரிவிக்கும் ஒரு வாக்கியத்தை அதே குரலில் சொன்னாள். டெத் சர்டிபிகேட் அனுப்பினால் மாற்றலாம், நாளாகும், புதுக் கணக்கு என்றால் இப்போதே கிடைக்கும் என்றாள். கல்யாணத்துக்கு நாள் நெருங்கிவிட்டது. புதுக் கணக்கே போடுங்கள் என்றேன். பத்திரிகையை முதலிலிருந்து செய்துகொள்ளலாம்.

பெயர் கேட்ட இடத்தில் என் பெயரை அடித்தேன். புதிதாக வருகிறவர்களுக்குப் பாடம் இருக்கிறது, பார்க்கிறீர்களா என்று கேட்டது. வருஷக்கணக்காகக் கை பழகிய வேலை. ஆனாலும் சரி என்று அழுத்தினேன். கோடு போடுவது எப்படி, நிறம் எடுப்பது எப்படி என்று அது ஒவ்வொன்றாகக் காட்டியது. கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தேன்.